ஒட்டுத் துணியும் இலவம் பஞ்சும்: போடி மலைச்சரிவில் ஒரு போர்வைக் கலை

இஸ்லாமியக் கலைகள் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பள்ளிவாசல்களின் குவிமாடங்களும், எழுத்தணிக் கலையும், பாரசீகத்துக் கம்பளங்களுமே. அவற்றைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றுகின்றன. ஆனால் நாம் பிறந்த அன்று நம்மைத் தாங்கிய துணி விரிப்பையோ, மழைக்கால இரவுகளில் நம் பாட்டியார் நம்மீது இழுத்துவிட்ட பழஞ்சேலைப் போர்வையையோ ஒரு கலைப்பொருள் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நம் இல்லத்திலும் அத்தகைய போர்வை ஒன்று இருந்தது. அது நைந்தபோது வண்டி துடைக்கும் துணியாயிற்று; பிறகு அதுவும் காணாமற் போயிற்று. அதனைத் தைத்த கரங்களின் நினைவும் அதனுடன் போயிற்று.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதும், தைத்ததைத் தம் அன்புக்குரியவர்களுக்கு வழங்குவதும் மேலைநாடுகளில் இன்று பெரியதொரு பொழுதுபோக்குக் கலையாக வளர்ந்துள்ளன. அதனைப் பார்க்கும் நம்மவர் சிலர், அது நமக்கு அயலானதொன்று எனக் கருதுகின்றனர். அக்கருத்து சரியன்று. இக்கலையின் வேர் நம் பண்பாட்டிலும் ஆழப் பதிந்திருக்கிறது. அதற்கு வேண்டிய பஞ்சும், அதனைத் தேவையாக்கும் குளிரும் நம் போடிநாயக்கனூர் மலைச்சரிவிலேயே ஒருங்கே அமைந்துள்ளன. அவ்விரண்டையும் இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

பெயர்கள் சொல்லும் செய்தி

மேல்துணி ஒன்று, அடித்துணி ஒன்று, இரண்டுக்கும் இடையே பஞ்சோ பழந்துணியோ ஓர் அடுக்கு. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் நூலோட்டம். இதுவே இப்போர்வையின் இலக்கணம். ஆங்கிலத்தில் இது 'கில்ட்' எனப்படுகிறது. வடஇந்தியாவில் ரஜாய், தக்காணத்தில் கோதடி, சிந்துப் பகுதியில் ரல்லி, வங்காளத்தில் காந்தா எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. லிஹாஃப் என்னும் அரபுச் சொல்லும் போர்த்திக் கொள்ளும் துணியையே குறிக்கும்.

வங்காளத்துக் காந்தாவுக்கும் தமிழில் நாம் வழங்கும் கந்தைக்கும் மூலம் ஒன்றே. ஒட்டுப் போட்ட துணி என்னும் பொருளுடைய வடசொல்லே இருமொழிகளிலும் உருமாறி வாழ்கிறது. ஆயினும் வங்கத்தில் அச்சொல் பெருமைக்குரிய கலையொன்றின் பெயராயிற்று. தமிழிலோ வறுமையின் பெயராய் நின்றுவிட்டது. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் நம் பழமொழியும் ஏழ்மையில் தூய்மையை வலியுறுத்துகிறதே ஒழிய, கந்தைக்குள் இருக்கும் கைத்திறத்தைப் பேசவில்லை.

தையற்கலை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்துத் தையற்காரரைத் 'துன்னகாரர்' என்று குறிக்கிறது. நம் சமுதாயப் பெண்டிர் வெளியே செல்லும்போது அணிந்த வெண்ணிறத் துப்பட்டியின் பெயரும் எண்ணத்தக்கது. மேலே போர்த்தும் ஆடைக்கும், படுக்கையில் போர்த்தும் துணிக்கும் அந்த ஒரே சொல்லைத் தமிழ் வழங்கி வந்திருக்கிறது.

அடிவாரத்தில் பஞ்சு, உச்சியில் குளிர்

தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலைமடியில் கிடக்கும் நகரம் போடிநாயக்கனூர். ஏலக்காய் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். ஏலத்துக்கே ஏலம் நடக்கும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய்க்கான மின்னணு ஏலம் இங்கும் கேரளத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. அகல ரயில்பாதைப் பணிக்காகப் பல்லாண்டுகள் நின்றிருந்த ரயில் 2023 ஜூன் மாதம் மீண்டும் இவ்வூருக்கு வரத் தொடங்கியது.

நகரத்தில் வெயில் கடுமையானது. மலையின் மழை மறைவுப் பகுதி அது. அங்கிருந்து போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் காற்றின் தன்மையே மாறிவிடுகிறது. மரநிழலும் ஈரமும் குளுமையும் இருந்தாலன்றி ஏலச்செடி செழிக்காது. அச்செடிக்கு இதமான காலநிலை அங்கு உழைக்கும் மனிதருக்கு இதமானதன்று. பனிமூட்டம் இறங்கும் மாலையும், எலும்பைத் தொடும் வைகறையும் மலைத்தோட்டத்தில் தங்கியிருந்தோர் அறிந்தவை. பறித்த காயை அன்றைக்கே உலர்த்த வேண்டும் என்பதால் ஏல ஸ்டோர்களில் இரவெல்லாம் சூட்டைக் கவனிக்க ஆள் விழித்திருப்பார். அறைக்குள் வெப்பம், வாசலைத் தாண்டினால் நடுக்கம்.

அதே மலையின் கீழ்ச்சரிவில் நிற்கிறது இலவமரம். போடியைச் சுற்றியுள்ள மலையடிவாரத்துத் தோப்புகளில் இது பெருமளவு வளர்கிறது. கோடையை ஒட்டிக் காய்கள் முற்றி வெடிக்கும். உழவர் அவற்றைப் பறித்து உலர்த்திப் பஞ்செடுப்பர். நகரத்தில் மெத்தையும் தலையணையும் தைக்கும் தொழில் இப்பஞ்சை நம்பியே வளர்ந்தது. ஆக, ஒரே மலையின் அடிவாரம் பஞ்சைத் தருகிறது. உச்சி போர்வையின் தேவையைத் தருகிறது.

இலவம் பஞ்சின் இயல்பு

பருத்தியையும் இலவத்தையும் ஒன்றாகவே பலர் எண்ணுகின்றனர். இரண்டுக்கும் அடிப்படையான வேற்றுமை உண்டு. பருத்தியில் இழை விதையின் மேல்தோலிலிருந்து வளர்கிறது. ஆகவே விதையைப் பிரிக்க அரைவை இயந்திரம் வேண்டும். இலவத்திலோ இழை காயின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. உலர்ந்த பஞ்சைக் கோலால் அடித்துக் கலைத்தாலே விதைகள் கனத்தால் கீழே உதிர்ந்துவிடும்.

இலவ இழை உள்ளே வெறுமையான மெல்லிய குழாய் போன்றது. அதன் பருமனில் ஏறத்தாழ 80 விழுக்காடு காற்றே. இழையின் மேல் மெழுகு போன்றதொரு பூச்சு இயற்கையாகவே படிந்துள்ளதால் தண்ணீர் எளிதில் உட்புகாது. இவ்விரு பண்புகளால், இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை கப்பற்படையினரின் உயிர்காப்பு அங்கிகளில் இப்பஞ்சே அடைக்கப்பட்டது. அன்று உலகுக்கு இதனைப் பெருமளவில் வழங்கியது ஜாவாத் தீவு. பிடித்து வைத்த காற்றே குளிரைத் தடுப்பது என்பதால், எடை குறைந்தும் இதம் மிகுந்தும் இருக்கும் பொருள் இது.

குறைகளும் இல்லாமலில்லை. இழை குட்டையானது, வழுவழுப்பானது, எளிதில் முறியக் கூடியது. எனவே இதனைத் தனியே நூலாக நூற்பது கடினம். போர்வைக்குள் அடைத்தால் ஓரிடத்தில் திரண்டு மறுபக்கத்தை வெறுமையாக்கிவிடும். நெருக்கமாக நெய்த துணியாக இல்லாவிட்டால் இழை வெளியே கசியும். தண்ணீரில் துவைத்தால் கட்டிதட்டும். வெயிலில் உலர்த்தித் தட்டி எடுப்பதே முறை. விரைந்து தீப்பற்றும் பொருளாதலால் அடுப்பின் அருகிலும் விளக்கின் அருகிலும் வைக்கலாகாது. பருத்திப் பஞ்சுக்கும் பழஞ்சேலைக்கும் இத்தகைய தொல்லைகள் குறைவு. ஆகையால் தலையணைக்கும் மெத்தைக்கும் இலவத்தையும், அடிக்கடி துவைக்க வேண்டிய போர்வைக்குப் பழந்துணி அடுக்கையும் கொள்வதே அறிவுடைமை.

பஞ்சு கொட்டியோர் மரபு

பஞ்சைப் பற்றிப் பேசும்போது, அதனைக் கொட்டிப் பதப்படுத்திய மக்களை மறத்தல் தகாது. பெரியதொரு வில்லின் நாணைப் பஞ்சுக் குவியலில் அமிழ்த்தி, மரக்கட்டையால் அந்நாணைத் தட்டும்போது எழும் ஒலி நம் தெருக்களில் ஒரு காலத்தில் பழக்கமானது. பழைய மெத்தையைப் பிரித்துப் போட்டு, திரண்ட பஞ்சை மீண்டும் மேகம் போல் ஆக்கித் தருவார்கள். தென்னகத்தில் இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்தோர் முஸ்லிம்களே. தெலுங்கு நாட்டில் தூதேகுலா என்றும், கன்னட நாட்டில் பிஞ்சாரர் என்றும், தமிழகத்தில் பஞ்சுகொட்டிகள் என்றும் அவர்கள் அழைக்கப்பட்டனர். நதாஃப், மன்சூரி என்னும் பெயர்களும் அவர்களுக்கு உண்டு.

மன்சூரி என்னும் பெயர் ஆழ்ந்த பொருளுடையது. ஹிஜ்ரி 309இல் (கி.பி. 922) பக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி ஞானி மன்சூர் அல்-ஹல்லாஜ் அவர்களை நினைவூட்டும் பெயர் அது. ஹல்லாஜ் என்னும் அரபுச் சொல்லுக்குப் பஞ்சு கொட்டுபவர் என்பதே பொருள். அவருடைய கொள்கை பற்றிய வாதங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பஞ்சுக் கடைக்காரர் ஒருவரைத் தம் வேலையாக வெளியே அனுப்பிவிட்டு, அவர் திரும்புவதற்குள் கடையிலிருந்த பஞ்சு முழுவதையும் விதை நீக்கி வைத்திருந்தார் என்றொரு கதை வழங்குகிறது. எளிய தொழிலொன்றின் பெயர் ஆன்மிக வரலாற்றில் நிலைபெற்ற விதம் கருதத்தக்கது. வடநாட்டு ஞானியான தாதூ தயாளும் (1544–1603) பஞ்சு கொட்டும் குடும்பத்தவர் என்றே மரபு கூறுகிறது.

ஒட்டுப் போட்ட ஆடையின் கண்ணியம்

கிழிந்ததைத் தைத்து அணிவதை இழிவாகக் கருதும் மனநிலை நம்மிடையே பரவியிருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், அவர்களுடைய சட்டையில் இரு தோள்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறும் செய்தி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இடம் பெற்றுள்ளது. ஊசி பிடிப்பது பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோரும், ஒட்டுத் துணி மதிப்பைக் குறைக்கும் என்று எண்ணுவோரும் இவ்விரு செய்திகளையும் உள்ளத்தில் கொள்ள வேண்டும்.

சூஃபிகள் அணிந்த ஒட்டாடைக்கு 'முரக்கஆ' என்று பெயர். 11ஆம் நூற்றாண்டில் லாகூரில் வாழ்ந்து மறைந்த ஹுஜ்வீரி அவர்கள், 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' என்னும் தம் நூலில் அவ்வாடையைப் பற்றித் தனி அத்தியாயமே வரைந்துள்ளார். ஒட்டுகளைத் தைப்பதில் ஞானியரிடையே இரு போக்குகள் நிலவியதை அவர் அதில் விளக்குகிறார். ஊசி எங்கே தலை நீட்டுகிறதோ அங்கே இழுத்துவிடலாம், ஒழுங்கு பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு சாரார் கொள்கை. தையல் நேராகவும் சீராகவும் இருத்தல் வேண்டும், அதுவும் ஒழுக்கத்தின் ஒரு பகுதியே என்பது மற்றொரு சாரார் கொள்கை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும், போர்வை தைப்போர் எங்குக் கூடினும் இவ்விவாதம் எழுகிறது என்பது வியப்புக்குரியது. பிறர் காண வேண்டும் என்பதற்காகவே ஒட்டாடை உடுத்துவோரையும் ஹுஜ்வீரி கண்டிக்கத் தவறவில்லை.

பிற்காலத்தில் இதே வேர்ச்சொல்லிலிருந்து வந்த 'முரக்கா' என்னும் பெயர், ஓவியங்களையும் எழுத்தணிகளையும் ஒன்றுசேர்த்துத் தொகுத்த ஏடுகளுக்கு வழங்கலாயிற்று. முகலாயப் பேரரசர்கள் பெருமையுடன் தொகுத்த ஏடுகள் அவை. சிதறியவற்றை இணைத்து ஒரு முழுமையை உண்டாக்குவதே இரண்டுக்கும் பொதுவான தன்மை.

போர்வையில் எழுதப்பட்ட வாழ்க்கைகள்

வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே பூவும் பறவையும் தைப்பர். இதனையே நக்ஷி காந்தா என்பர். 'நாட்டுப்புறக் கவி' என்று போற்றப்பட்ட ஜசீமுதீன் 1929இல் 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக்கவிதையை வெளியிட்டார். நிலத்தகராறில் சிக்கித் தலைமறைவான கணவனுக்காகக் காத்திருக்கும் சாஜு என்னும் பெண், தன் திருமண வாழ்வையும் பிரிவையும் ஒரு போர்வையில் தைக்கிறாள். இறக்கும் தறுவாயில் அதனைத் தன் அடக்கத்தலத்தின் மீது விரிக்குமாறு தாயிடம் வேண்டுகிறாள். எழுத்தறியாத பெண்ணின் ஏடாகப் போர்வை விளங்கிற்று என்பதை இதைவிட உருக்கமாகச் சொன்ன இலக்கியம் அரிது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில் ஆப்பிரிக்க வழிவந்த சித்திகள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவரும் இந்துக்களும் உளர். மூன்று சமயத்துப் பெண்களும் 'கவந்தி' என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி வட்டமிட்டபடி நடுவை நோக்கித் தைத்துச் செல்வது அவர்களின் முறை. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் 'பூ' வைத்தாலன்றிப் போர்வை நிறைவு பெறுவதில்லை என்பது அவர்களின் நம்பிக்கை. குழந்தைகளுக்கான போர்வைகளில் வண்ணங்கள் மேலும் கூடுகின்றன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அங்கு வாழ்வோர் பருத்தித் தோட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள். மிசூரி பெட்வே என்னும் பெண்மணி, 1942இல் தம் கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக் கொள்ளவும், அன்புக்காக அதனைப் போர்த்திக் கொள்ளவுமே தைத்ததாக அவர் மகள் பின்னாளில் கூறினார். 2002இல் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, உயர்ந்த நவீன ஓவியங்களுக்கு இணையானவை எனக் கலை விமரிசகர் பாராட்டினர். வறுமையில் பிறந்த பொருளுக்கு அறுபது ஆண்டுகள் கழித்து வந்த அங்கீகாரம் அது.

போடியில் நாம் கண்ட போர்வை

இத்தகைய செய்திகளை நூல்களில் படித்த மனத்தோடுதான் போடியில் ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெரியவர் ஏல ஸ்டோரில் இரவுப் பணி பார்த்தவர். மறைந்து ஆண்டுகள் பலவாயின. அவருடைய துணைவியாரைப் பேரப்பிள்ளைகள் நன்னி என்று அழைத்தனர். கட்டிலின் காலடியில் மடித்துக் கிடந்த போர்வையொன்றைப் பார்த்து அதுபற்றி வினவினோம். பழைய பருத்திச் சேலைகள் நான்கைந்தை அடுக்கி, அரை அங்குல இடைவெளியில் நீள நீளமாக நூலோட்டியிருந்தார்கள். மேல்பக்கத்தில் கட்டம்போட்ட கைலித் துண்டுகள். கணவருக்காகத் தைத்தது, அவர் மலையேறும்போதெல்லாம் உடன் சென்றது. சேலை நைந்த இடத்தில் ஒட்டுப் போட்டு, அவர் மறைந்தபின் அவருடைய கைலிகளையே மேலடுக்காகச் சேர்த்திருக்கிறார்கள்.

இத்துணை அழகான வேலையை யாருக்கும் காட்டவில்லையா என்று கேட்டோம்.

"காட்டுறதுக்காடா தம்பி தைச்சது? மேல குளிர்ல கெடக்குற மனுசன் நடுங்கக் கூடாதுன்னு தைச்சது. இப்ப பேத்தி மலைக்கு வாக்கப்பட்டுப் போறா, அவளுக்குக் கொடுத்துவிடணும்" என்றார்கள்.

பேத்தியோ கடையில் வாங்கிய பளபளப்பான செயற்கையிழைப் போர்வையைத் தன் பெட்டியில் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தாள். பாட்டியின் சொல்லைக் கேட்டபின் அதனை வெளியே எடுத்து வைத்தாளா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் போர்வையின் மடிப்பைப் பிரித்து, எந்தத் துண்டு எந்தச் சேலை என்று அவள் பாட்டியிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியதை மட்டும் கண்டோம். நாம் நம் பாட்டியாரிடம் ஒருமுறையும் கேளாத வினா அது.

தைக்க விழைவோர்க்கு

இக்கலையைப் பயில விரும்புவோர் சிறிய போர்வையிலிருந்து தொடங்குதல் நன்று. நிறம் போகாத, மிகவும் நைந்து போகாத பருத்தித் துணிகளைத் தேர்ந்து, துவைத்து உலர்த்தித் தேய்த்துக் கொள்ள வேண்டும். 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்தபின் 4½ அங்குலம் எஞ்சும். அகலத்தில் 8, நீளத்தில் 10 என 80 சதுரங்களை இணைத்தால் 36க்கு 45 அங்குல மேல்துணி கிடைக்கும். முதலில் வரிசை வரிசையாகத் தைத்துப் பின்னர் வரிசைகளை ஒன்றோடொன்று இணைப்பதே எளிது. வெட்டுவதில் நேரும் சிறு பிழை 10 வரிசைகளுக்குப் பின் பெரிய கோணலாகத் தெரியும் என்பதால் அளவில் பொறுமை வேண்டும்.

அடித்துணியைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் பழஞ்சேலை அடுக்கையும் அதன்மேல் மேல்துணியையும் வைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீண்ட தையல்களால் தற்காலிகமாகப் பிணைத்துக் கொண்டால் அடுக்குகள் நழுவா. பிறகே நுண்ணிய ஓட்டுத்தையல். இறுதியில் ஓரங்களைப் பட்டைத் துணியால் மடித்து மூடினால் போர்வை ஆயத்தம். இலவம் பஞ்சை இட விரும்பினால், நெருங்கிய நெசவுள்ள துணியைச் சிறு சிறு அறைகளாகப் பகுத்துத் தைத்து, அவற்றில் அளவாக அடைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் உறங்கும்போது தளர்ந்த போர்வையோ, தலையணையோ, மென்மையான மெத்தையோ உடனிருத்தல் மூச்சுத்திணறலுக்கு இடமளிக்கும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். எனவே பச்சிளங்குழந்தைக்குத் தைப்பதை, விழித்திருக்கும் வேளையில் தரையில் விரித்து விளையாட விடுவதற்கே பயன்படுத்த வேண்டும். குழந்தை வளர்ந்தபின் அது போர்வையாகும்.

மேற்கூறிய சிறிய போர்வையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் 35 வரிகள் நீளவாக்கில் ஓட்டுவதாகக் கொள்வோம். அங்குலத்துக்கு 5 தையல் என்றால் மொத்தம் 7,875 தையல்கள். நிமிடத்துக்கு 10 தையல் இட்டாலும் 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெட்டுவதும் இணைப்பதும் தனி. ஒருவருக்காக நாம் போர்வை தைக்கும்போது உண்மையில் வழங்குவது இந்த நேரத்தையே. அவரை நினைத்தபடி கழிந்த அத்தனை மாலைகளும் அத்துணிக்குள் இருக்கின்றன. பணம் கொடுத்து வாங்கும் பொருளில் பணம் ஈட்டிய நேரம் இருக்கலாம். அவரையே நினைத்திருந்த நேரம் இருப்பதில்லை.

போர்த்துதல் என்னும் அன்பு

ஹிரா குகையில் முதல் இறைச்செய்தி அருளப்பெற்றபின், நடுக்கத்துடன் இல்லம் திரும்பிய அண்ணலார் (ஸல்) அவர்கள் தம்மைப் போர்த்துமாறு கேட்டார்கள். அச்சம் தணியும் வரை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்த்தினார்கள். அதன் பின்னரே ஆறுதல் மொழிகள் கூறினார்கள். திருக்குர்ஆனின் 73ஆம் அத்தியாயமான அல்முஸ்ஸம்மிலும் 74ஆம் அத்தியாயமான அல்முத்தஸ்ஸிரும் போர்த்தியிருப்பவரை விளிக்கும் பெயர்களையே தாங்கியுள்ளன. அன்றிரவு அண்ணலாரை மூடிய துணி எத்தகையது, அதனை நெய்தவர் யார் என்பதை வரலாறு குறிக்கவில்லை. போர்த்திய கரம் யாருடையது என்பதை மட்டும் உலகம் மறக்கவில்லை.

வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது. ஆடைகள் மலிந்து, சிலமுறை உடுத்தியதும் எறியப்படும் இக்காலத்தில், நுரை மெத்தைகளும் செயற்கையிழைப் போர்வைகளும் கடைகளை நிறைத்திருக்கின்றன. எறிந்தால் மட்காத பொருட்கள் அவை. அலமாரியில் உறங்கும் பருத்திச் சேலைக்கும் கைலிக்கும் இன்னொரு வாழ்வு அளிப்பது பொழுதுபோக்காகவும் இருக்கலாம், பொறுப்பாகவும் இருக்கலாம். அது பகட்டுக்குரிய சீர்வரிசைப் பொருளாக மாறிவிடாமல் காப்பதும் நம் கடமையே.

தைத்து முடித்தபின் செய்ய வேண்டிய செயல் ஒன்று உண்டு. போர்வையின் அடிப்பக்கத்து மூலையில், தைத்தவர் பெயரையும், யாருக்காகத் தைக்கப்பட்டது என்பதையும், ஹிஜ்ரி ஆண்டையும் நூலால் எழுதிவிட வேண்டும். வெளியே தெரிய வேண்டியதில்லை. மடிப்புக்குள் இருந்தாலே போதும். நம் இல்லத்துப் போர்வையில் அவ்வாறு ஒரு வரி இருந்திருக்குமாயின், அது வண்டி துடைக்கும் துணியாகியிராது என்றே நாம் நம்புகிறோம். இன்று வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்து, அவர் தைத்த விரிப்போ போர்வையோ எஞ்சியிருப்பின், வாசகர்கள் அதனை அவர் முன் விரித்து, எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்வார்களாக. கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நலம்.